பத்துக் குண்டே நிலத்தைக் கைபேசி அளக்குமா?

கோலார் தங்கவயலை அடுத்து, பாலாற்றின் கரையில் இருக்கிறது பேத்தமங்களா. சுரங்கங்களுக்கும் சுரங்கத் தொழிலாளர் குடியிருப்புகளுக்கும் தண்ணீர் கொடுத்த பெரிய ஏரி இந்த ஊருடையது. ஏரிக்குக் கீழே கழனி, மேட்டில் கொல்லை. ராகி, தக்காளி, காய்கறி, பட்டுப்பூச்சிக்கு மல்பெரி, ஓரங்களில் தென்னையும் நீலகிரித் தைலமரமும். தலைமுறைதோறும் பாகம் பிரிந்ததில் நிலம் துண்டுதுண்டாகி, ஏக்கரை விடக் குண்டேதான் இங்கே அதிகம் பேசப்படும் அளவாகிவிட்டது. ஒரு குண்டே என்பது 33 அடிக்கு 33 அடி, அதாவது 1,089 சதுர அடி. 40 குண்டே ஓர் ஏக்கர். தமிழ்நாட்டுக் கணக்கில் ஒரு குண்டே இரண்டரை சென்ட்.

இது ஓர் ஊரின் நிலைமை மட்டுமல்ல. 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் ஒரு விவசாயக் குடும்பம் பயிரிடும் நிலத்தின் சராசரி 1.08 ஹெக்டேர். கர்நாடகத்தில் 1.36, தமிழ்நாட்டில் 0.75. நாட்டின் சாகுபடி அலகுகளில் 86 விழுக்காடு இரண்டு ஹெக்டேருக்கும் கீழ். அந்த நிலமும் ஒரே இடத்தில் இருப்பதில்லை. இரண்டு மூன்று துண்டுகளாகச் சிதறிக் கிடக்கிறது. விதை, உரம், உழவுக் கூலி, பயிர்க்கடன், காப்பீடு எல்லாமே பரப்பை வைத்துத்தான் கணக்கிடப்படுகின்றன. ஆகவே இந்தத் துண்டுகளின் பரப்பு சரியாகத் தெரிவது பிழைப்போடு நேரடியாகச் சம்பந்தப்பட்ட விஷயம்.

இப்போது அந்தப் பரப்பைக் கைபேசியே சொல்லிவிடுகிறது. வரப்பைச் சுற்றி நடந்தால் போதும், திரையில் எண் வந்து நிற்கும். அந்த எண்ணை எதற்கு நம்பலாம், எதற்கு நம்பக் கூடாது என்பதே இந்தக் கட்டுரையின் கேள்வி. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். விதைத்த பரப்பை அறியக் கைபேசி நல்ல கருவி. எல்லையைத் தீர்க்க அது கருவியே அல்ல. இந்த இரண்டையும் குழப்பினால், நிலம் எவ்வளவு சிறியதோ அவ்வளவு பெரிய நட்டம் அந்த விவசாயிக்கு வந்து சேரும்.

அளந்த மண்

கோலார் பகுதி பலமுறை அளக்கப்பட்ட மண். பேத்தமங்களாவின் பழைய பெயர் விஜயாதித்தமங்கலம் என்று கல்வெட்டுகள் சொல்கின்றன. கோலாரம்மா கோயிலில் சோழர் காலத் தமிழ்க் கல்வெட்டுகள் உள்ளன. அந்தச் சோழர்கள்தான் முதலாம் இராசராசன் காலத்தில், 1001-ஐ ஒட்டி, நாடு முழுவதையும் கோல் வைத்து அளந்தார்கள். வேலிக்குக் கீழே மா, காணி, முந்திரி என்று பின்னத்துக்குள் பின்னமாகக் கணக்கெழுதினார்கள். வரி பரப்பின் மீது விழுந்ததால், சிறு துண்டுக்கும் கணக்கு தேவைப்பட்டது.

எட்டு நூற்றாண்டு கழித்து ஆங்கிலேய அளவையாளர்கள் வந்தார்கள். மைசூர் நாட்டின் கிழக்கு எல்லையை அளக்கும் பணியில் இருந்த ஜான் வாரன், 1802-ல் மாரிகுப்பம், உரிகம் பக்கம் ஊர்மக்கள் மண்ணை அரித்துத் தங்கம் எடுப்பதைக் கண்டு எழுதிவைத்தார். பின்னாளில் சுரங்கத் தொழில் வளர்ந்ததற்கு அந்தக் குறிப்பும் ஒரு தூண்டுதல். நில அளவைக்கு வந்த ஒருவரால்தான் தங்கவயலின் செய்தி வெளியுலகம் போனது.

விவசாயியைத் தொட்ட அளவை 1863-ல் மைசூரில் தொடங்கிய வருவாய் அளவை. பம்பாய் முறையைப் பின்பற்றிய அதன் கருவி 33 அடி நீளமுள்ள இரும்புச் சங்கிலி. ஒரு சங்கிலிக்கு 16 ஆணா. ஓர் ஆணா இரண்டு அடிக்குச் சற்றே அதிகம். ஒரு சங்கிலிச் சதுரமே ஒரு குண்டே. அந்தக் காலத்தில் வரைந்த திப்பணி என்னும் அளவை வரைபடங்களும், பரப்பைக் குறித்த ஆகார்பந்து என்னும் பதிவேடும்தான் இன்றைய பஹணிக்கு, அதாவது நில உரிமை, சாகுபடிப் பதிவுக்கு, அடிப்படை. 2000-ஐ ஒட்டிக் கர்நாடகத்தின் 'பூமி' திட்டம் சுமார் 67 லட்சம் விவசாயிகளின் இரண்டு கோடிப் பதிவுகளைக் கணினியில் ஏற்றியது. காகிதம் கணினிக்கு மாறியது. அதற்காக நிலத்தை யாரும் புதிதாக அளக்கவில்லை.

இரண்டடியைப் பிரித்துக் காட்டிய அந்தச் சங்கிலியோடு கைபேசியை ஒப்பிட்டுப் பாருங்கள். திறந்த வானத்தின் கீழ் ஒரு சாதாரணக் கைபேசியின் ஜிபிஎஸ் பிழை சுமார் 4.9 மீட்டர் வரை போகலாம் என்று அமெரிக்க அரசின் ஜிபிஎஸ் தளமே சொல்கிறது. அது 16 அடி, பாதிச் சங்கிலி. அதாவது 160 ஆண்டுக்கு முந்தைய கருவி, ஒரு புள்ளியைக் குறிப்பதில், இன்று நம் சட்டைப்பையில் இருப்பதை விடத் துல்லியமானது.

கைபேசி செய்யும் வேலை

கைபேசியால் வயலை மூன்று விதமாக அளக்கலாம். எல்லையில் நடந்துகொண்டே போகலாம். செயலி நொடிக்கொரு புள்ளியாகப் பதிந்துகொள்ளும். மூலைக்கு மூலை நின்று புள்ளி வைக்கலாம். அல்லது வீட்டில் உட்கார்ந்தபடி செயற்கைக்கோள் படத்தில் வரப்பின் மேல் விரலால் கோடு இழுக்கலாம். மூன்றிலும் கடைசியில் நடப்பது ஒன்றுதான்: புள்ளிகளை இணைத்து ஒரு பலகோணமாக்கி, அதன் பரப்பைக் கணக்கிடுவது. கணக்கில் பிழை இல்லை. பிழை முழுவதும் புள்ளிகளில்தான்.

களத்தில் இது எப்படி இருக்கிறது என்று பாருங்கள். ஏரிக்குக் கீழே பத்துக் குண்டே கழனி ஒன்று, மூன்று பக்கம் வரப்பு, நாலாவது பக்கம் வாய்க்கால், வாய்க்கால் ஓரம் வரிசையாகத் தென்னை. செயலியைத் திறந்த உடனே நடக்கத் தொடங்கினால் முதல் புள்ளி பக்கத்து வயலில் போய் விழும். கருவிக்குப் போதுமான செயற்கைக்கோள்கள் கிடைத்து இருப்பிடம் நிலைகொள்ளச் சற்று நேரம் வேண்டும். வரப்பின் மேல் நடக்காமல் ஒன்றரை அடி உள்ளே தள்ளி நடந்தால், பத்துக் குண்டேயில் அரைக் குண்டேக்கு மேல் குறைந்துவிடும். இது செயற்கைக்கோளின் குற்றமல்ல, காலின் குற்றம். தென்னை வரிசைக்கு அடியில் போகும்போது கோடு வளைந்து நெளியும். இலைகளில் பட்டுச் சிதறும் சமிக்ஞை கருவியைக் குழப்புகிறது. அதே வயலை எதிர்த்திசையில் இன்னொரு முறை சுற்றினால் வேறோர் எண் வரும். இரண்டு எண்களுக்கும் உள்ள வித்தியாசம்தான் அந்த அளவின் உண்மையான தரம். அதைச் செயலி தானாகச் சொல்லாது. நாம்தான் கேட்டு வாங்க வேண்டும்.

சின்ன வயல், பெரிய பிழை

ஒரு சதுர வயலின் நான்கு மூலைகளும் தலா 3 மீட்டர் அளவில், ஒன்றுக்கொன்று தொடர்பின்றி விலகுவதாக வைத்துக்கொள்வோம். பரப்பில் வரும் பிழை ஒரு ஹெக்டேர் வயலுக்குச் சுமார் 4 விழுக்காடு. ஓர் ஏக்கருக்கு 7. பத்துக் குண்டேக்கு 13. ஒரு குண்டேக்கு 40-ஐத் தாண்டும். பக்கத்தின் நீளம் பாதியானால் பிழையின் விழுக்காடு இரட்டிப்பாகும் என்பதே இதன் விதி. பத்து ஏக்கர்க்காரருக்கு ஒரு பொருட்டே அல்லாத பிழை, பத்துக் குண்டேக்காரருக்கு ஒரு மூட்டை ராகியாகத் தெரியும்.

நடைமுறையில் நிலைமை இவ்வளவு மோசமில்லை. ஜிபிஎஸ் பிழையில் பெரும்பகுதி சில நிமிடங்களுக்கு ஒரே திசையில் நிற்கிறது. வளிமண்டலத்தாலும் செயற்கைக்கோள் தரவாலும் வரும் பிசகு எல்லாப் புள்ளிகளையும் சேர்த்தே ஒரு பக்கம் தள்ளுகிறது. முழு வயலும் மூன்று மீட்டர் கிழக்கே நகர்ந்தாலும் அதன் வடிவமும் பரப்பும் மாறுவதில்லை. ஆகவே கைபேசி சொல்லும் பரப்பு, அது சொல்லும் இடத்தை விட நம்பத்தக்கது. இங்கேதான் என் வாதத்தின் வேர் இருக்கிறது: பரப்பு ஏறக்குறைய சரியாக இருக்கும்போதே எல்லைக்கோடு அண்ணன் நிலத்துக்குள் பத்தடி போயிருக்கலாம். முதலாவதை வைத்து உரம் வாங்கலாம். இரண்டாவதை வைத்து வேலிக்கல் நட்டால் அண்ணன் தம்பி காவல் நிலையத்தில் போய் நிற்பார்கள்.

கருவிகளும் மேம்பட்டு வருகின்றன. 2000 மே மாதத்தில் அமெரிக்கா வேண்டுமென்றே சேர்த்து வந்த ஜிபிஎஸ் குழப்பத்தை நிறுத்திய பிறகுதான் சாதாரண மக்களுக்கு இந்தக் கருவி உதவத் தொடங்கியது. 2018 முதல் இரண்டு அலைவரிசைகளில் சமிக்ஞை வாங்கும் கைபேசிகள் வந்துவிட்டன. ஆனால் சிறுவிவசாயியின் கையில் இருப்பது பெரும்பாலும் விலை குறைந்த பழைய கைபேசி என்பதை மறக்கக் கூடாது.

ஆப்பிரிக்க வயல்கள் சொன்னது

இந்தக் கேள்வியை அதிகம் ஆராய்ந்தவர்கள் உலக வங்கியின் வாழ்க்கைத்தர அளவீட்டு ஆய்வுக் குழுவினர். எத்தியோப்பியா, தான்சானியா, நைஜீரியா ஆகிய நாடுகளில், ஒரே வயலை விவசாயியின் வாய்மொழி, கையடக்க ஜிபிஎஸ், கயிறும் திசைகாட்டியும் என்று மூன்று வழிகளில் அளந்து ஒப்பிட்டார்கள். 2017-ல் வெளியான அவர்களின் முடிவு தெளிவானது. ஜிபிஎஸ் அளவு கயிற்றளவுக்கு வெகு அருகில் இருந்தது. நேரமோ பல மடங்கு மிச்சம். வாய்மொழி அளவுதான் வெகுதூரம் விலகியது. சிறு வயல் வைத்திருப்பவர்கள் உள்ளதை விடக் கூடுதலாகவும், பெரிய வயல்காரர்கள் குறைத்தும் சொன்னார்கள். அரை ஏக்கர், ஓர் ஏக்கர் என்று தோராயமாகச் சொல்லும் பழக்கமும் இதற்கு ஒரு காரணம்.

இந்தக் கண்டுபிடிப்புக்கு இந்தியாவோடு நெருங்கிய தொடர்பு உண்டு. 1950-களின் பண்ணை மேலாண்மை ஆய்வுகளை வைத்து, 1962-ல் அமர்த்தியா சென் ஒரு புதிரை எழுப்பினார்: நிலம் சிறுக்கச் சிறுக்க ஏக்கருக்கு விளைச்சல் ஏன் கூடுகிறது? நிலச்சீர்திருத்த விவாதம் நெடுங்காலம் இந்தக் கேள்வியைச் சுற்றி நடந்தது. அளவுப் பிழையால்தான் அப்படித் தெரிகிறது என்று சிலர் சந்தேகித்தார்கள். அந்த உலக வங்கிக் குழுவின் கார்லெட்டோவும் உடன் ஆய்வாளர்களும் உகாண்டாத் தரவில் ஜிபிஎஸ் பரப்பைப் போட்டுப் பார்த்தபோது, அந்த உறவு மறையவில்லை, வலுத்தது. சிறுவிவசாயிகள் பரப்பைக் கூட்டிச் சொன்னதால் அவர்களின் ஏக்கர் விளைச்சல் குறைவாகக் கணக்கிடப்பட்டிருந்தது. பிறகு 2018-ல் எத்தியோப்பியாவில், விளைச்சலையும் வாய்மொழியாகக் கேட்காமல் அறுத்து எடை போட்டுப் பார்த்தபோது அந்த உறவே காணாமல் போனது. அரை நூற்றாண்டு விவாதம் ஒன்றின் தீர்ப்பு இருமுறை புரண்டது, இரண்டு முறையும் அளவுகோலால். பரப்பை மட்டும் சரியாக அளந்து விளைச்சலை ஊகத்துக்கு விட்டாலும், விளைச்சலை மட்டும் அளந்து பரப்பை ஊகத்துக்கு விட்டாலும் உண்மை கிடைக்காது.

இதன் மறுபாதியை இந்தியா முன்பே பார்த்துவிட்டது. 1940-களில் பயிர் அறுவடைச் சோதனைக்கு எவ்வளவு பெரிய துண்டை அறுக்க வேண்டும் என்று புள்ளியியல் அறிஞர்கள் மகலனோபிசும் சுகாத்மேயும் மோதிக்கொண்டார்கள். துண்டு சிறிதானால், எல்லையில் நிற்கும் செடிகளை உள்ளே சேர்த்து அறுத்துவிடும் கை, அதனால் விளைச்சல் கூடித் தெரியும் என்று சுகாத்மே காட்டினார். கைபேசியின் சிக்கலும் அதுவேதான். சிறு பரப்பில் எல்லையின் பங்கு அதிகம், பிழை குடியிருப்பது எல்லையில்.

வானத்திலிருந்து பார்த்தால்

நடக்கவே வேண்டாம், செயற்கைக்கோள் படத்தை வைத்துக் கணினியே வயல்களைப் பிரித்துவிடும் என்பது அடுத்த நம்பிக்கை. 2015 முதல் இலவசமாகக் கிடைக்கும் சென்டினல்-2 படத்தில் ஒரு புள்ளி 10 மீட்டர் சதுரம். குண்டேயின் பக்கம் 10.06 மீட்டர். ஆக, ஒரு குண்டே ஏறக்குறைய ஒரே ஒரு புள்ளி. பத்துக் குண்டே வயல் மூன்றுக்கு மூன்று கட்டம். அதில் நடுவில் உள்ள சில கட்டங்கள்தான் முழுக்க அந்த வயலுக்குச் சொந்தம். சுற்றியுள்ளவை எல்லாம் வரப்பும் அண்டை வயலும் கலந்தவை. இந்தப் படத்தை வைத்துப் பயிரை அடையாளம் காண முயலலாம், பரப்பைத் தீர்மானிக்க முடியாது.

வரப்பு தெளிவாகத் தெரியும் கூர்மையான படங்களில் நிலைமை வேறு. அவற்றை வைத்து இந்தியச் சிறுவயல்களின் எல்லையைக் கணினிக்குக் கற்றுக்கொடுக்கும் ஆய்வுகள் 2022 முதல் வெளிவருகின்றன. கூகுளும் 2024-ல் இத்தகைய தரவை இந்தியாவில் ஆய்வாளர்களுக்குத் திறந்துவிட்டது. வரப்பு பளிச்சென்று தெரியும் சிறிய கழனியில், படத்தின் மேல் விரலால் கவனமாக வரைந்த கோடு நடந்து எடுத்த கோட்டை விட நன்றாகவே அமையலாம். ஆனால் மாந்தோப்பின் நிழலிலும், வரப்பே இல்லாமல் கல் மட்டும் நட்ட ராகிக் கொல்லையிலும் படம் கைவிட்டுவிடும். ஒரே குடும்பத்தில் மூன்று பங்காளிகள் ஒரே பயிர் வைத்தால் வானத்துக்கு அது ஒரே வயல்.

எந்தப் பரப்பு?

கருவியை விடப் பெரிய கேள்வி இது. பேத்தமங்களாவில் ஒரு நிலத்துக்குக் குறைந்தது மூன்று பரப்புகள் உண்டு. முதலாவது பஹணியில் எழுதியிருப்பது. அதிலேயே பாறை, வாய்க்கால், பாதை ஆகியவை 'கராபு' என்று தனியே கழிக்கப்பட்டிருக்கும். இரண்டாவது கையில் அனுபவத்தில் இருப்பது. பல சர்வே எண்களில் 'பொடி', அதாவது உட்பிரிவு அளவை, முடியவில்லை. பஹணியில் நாலு பெயர், நாலு பங்கு, ஆனால் யார் பங்கு எங்கே என்று வரைபடம் இல்லை. மூன்றாவது இந்தப் பருவத்தில் உண்மையில் விதைத்தது: வரப்பு, களம், கிணறு, மாட்டுக்கொட்டகை எல்லாம் போக மிஞ்சுவது.

கைபேசி அளப்பது, நடந்தவர் எதைச் சுற்றி நடந்தாரோ அதை மட்டுமே. அது பஹணியோடு பொருந்தாவிட்டால் இரண்டில் ஒன்று பொய் என்று அர்த்தமல்ல. இரண்டும் வேறு வேறு பரப்புகளைச் சொல்கின்றன. கர்நாடகத் தொலையுணர்வு மையம் உருவாக்கிய 'திஷாங்க்' செயலி, நிற்கும் இடத்தின் சர்வே எண்ணைக் காட்டுகிறது. நிலம் வாங்கப் போகிறவருக்கு அது பெரிய உதவி. ஆனால் பழைய கிராம வரைபடத்தைச் செயற்கைக்கோள் படத்தின் மேல் பொருத்தியதில் வரும் விலகலும், கைபேசியின் விலகலும் அந்தத் திரையில் ஒன்றுசேர்கின்றன. அந்தக் கோட்டைப் பார்த்து அண்டை வீட்டாரிடம் சண்டைக்குப் போவது நியாயமில்லை.

எல்லைக்கு வேறு வழி உண்டு. இந்திய நில அளவைத் துறை நிறுவியுள்ள நிரந்தரக் குறிப்பு நிலையங்கள் அனுப்பும் திருத்தத்தை வாங்கி, ரோவர் என்னும் கருவி சில சென்டிமீட்டர் துல்லியத்தில் புள்ளி வைக்கிறது. அதுவும் மாயமருந்தல்ல. பேத்தமங்களாவிலிருந்து சிறிது தூரத்திலேயே தொடங்கும் ஆந்திரத்தில், 2020 டிசம்பரில் ட்ரோனும் ரோவரும் கொண்டு மறுஅளவை ஆரம்பித்தார்கள். பதிவில் இருந்ததை விடத் தங்கள் நிலம் குறைந்துவிட்டது என்று ஏராளமான விவசாயிகள் முறையிட்டார்கள். துல்லியமான கருவி பழைய பதிவின் பிழையை வெளிப்படுத்தும். அந்தப் பிழையின் சுமையை யார் ஏற்பது என்று அது சொல்லாது. அதை மனிதர்கள்தான், அண்டை நிலத்தாரை நிறுத்திப் பேசி, தீர்மானிக்க வேண்டும்.

அளவு பணமாகும் இடம்

விதைத்த பரப்பு தெரிந்தால் முதல் லாபம் வீட்டுக்குள்ளேயே கிடைக்கிறது. உரச் சிபாரிசு ஹெக்டேருக்குச் சொல்லப்படுகிறது. எட்டுக் குண்டேயைப் பத்து என்று நம்பினால் உரம் நாலில் ஒரு பங்கு கூடுதல். தக்காளிக்கு விரிக்கும் பிளாஸ்டிக் மூடாக்கும், சொட்டுநீர்க் குழாயும் பரப்பைப் பொறுத்தவை. ஏக்கர் கணக்கில் உழவுக்கும் அறுவடைக்கும் கூலி பேசும்போது கையில் ஓர் எண் இருப்பது பேரத்தில் பலம்.

காப்பீட்டில் விஷயம் கடினமாகிறது. 2016 முதல் நடக்கும் பிரதமர் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில், ஒரு பகுதியில் காப்பீடு செய்த மொத்தப் பரப்பு உண்மையில் விதைத்த பரப்பை விஞ்சினால், இழப்பீடு அந்த விகிதத்தில் வெட்டப்படும். யாரோ கூட்டிக் காட்டியதற்குச் சரியாகக் காட்டியவரும் சேர்ந்து இழக்கிறார். மறுபுறம், கர்நாடகத்தின் பயிர்க் கணக்கெடுப்புச் செயலி விவசாயியையே நிலத்தில் நின்று படமெடுத்துப் பயிரையும் பரப்பையும் பதியச் சொல்கிறது. அந்தப் பதிவும் காப்பீட்டுப் பதிவும் பொருந்தாவிட்டால் கோரிக்கை நிராகரிக்கப்படும். தன் இருப்பிடத்தைப் பத்துப் பதினைந்து அடி தவறாகச் சொல்லக்கூடிய கருவி, பத்துக் குண்டே நிலத்தில் நிற்பவரைப் பக்கத்து சர்வே எண்ணில் நிற்பதாகக் காட்ட முடியும். வயலின் பக்கமே நூறடிதான். பெரிய நிலத்தின் நடுவில் நிற்பவருக்கு இந்த ஆபத்து இல்லை. கருவியின் பிழையை விவசாயியின் பொய்யாக எடுத்துக்கொள்ளும் எந்த விதியும் சிறு நிலத்துக்கு எதிரான விதிதான்.

அளப்பவர் யார்?

1974-ல் நடைமுறைக்கு வந்த சட்டத் திருத்தத்தால் கர்நாடகத்தில் குத்தகை முறை ஒழிக்கப்பட்டது. உழுதவருக்கு நிலம் கிடைத்த அந்தச் சீர்திருத்தம் போற்றத்தக்கது. ஆனால் இன்றும் வாய்ப்பேச்சில் குத்தகைக்கும் வாரத்துக்கும் பயிர் வைப்பவர்கள் இருக்கிறார்கள். பஹணியில் அவர்களுக்கு இடமில்லை. சுரங்கம் 2001-ல் மூடப்பட்ட பிறகு, நிலமில்லாத குடும்பங்கள் நிறைந்த இந்த வட்டாரத்தில் இது சின்ன விஷயம் அல்ல. ஒரு குத்தகைதாரர் "இவ்வளவு நிலத்தில் இவ்வளவு விளைந்தது" என்று சொல்ல ஆதாரமாக அவரிடம் இருக்கக்கூடியது கைபேசி அளவு ஒன்றே. நிலம் கணவர் பெயரிலோ மாமனார் பெயரிலோ இருக்க, பயிரை முழுக்கத் தாமே பார்த்துக்கொள்ளும் பெண்களுக்கும் அப்படித்தான். பதிவேடு கைவிட்டவர்களுக்கே இந்தக் கருவி அதிகம் பயன்படும்; அரசுச் செயலிகளோ பதிவேட்டில் பெயர் உள்ளவரை மட்டுமே உள்ளே விடுகின்றன.

செய்ய வேண்டியது

இருபது குண்டேக்குக் கீழே உள்ள நிலத்துக்கு நாடா போதும். நாலு பக்கமும் ஒரு குறுக்கும் அளந்தால் வயல் இரண்டு முக்கோணமாகும். பக்கங்கள் வரிசையாக 102, 108, 98, 110 அடி; முதல் இரண்டையும் மற்ற இரண்டையும் பிரிக்கும் குறுக்கு 148 அடி என்று வைத்துக்கொள்வோம். முக்கோணங்கள் 5,508, 5,390 சதுர அடி, மொத்தம் 10,898, ஏறக்குறையப் பத்துக் குண்டே. பள்ளிக்கூடத்தில் படித்த கணக்குதான், கைபேசியின் கணிப்பானே போட்டுவிடும். அதற்கு மேற்பட்ட நிலத்தைக் கைபேசியால் அளக்கலாம்: கருவி நிலைகொள்ளும் வரை நின்று, வரப்பின் மேலேயே நடந்து, இரு திசையிலும் சுற்றி, இரண்டுக்கும் சராசரி எடுக்க வேண்டும். இரண்டும் பத்து விழுக்காட்டுக்கு மேல் விலகினால் அந்த எண்ணை விட்டுவிட வேண்டும்.

அரசு செய்ய வேண்டியவை மூன்று. ஒன்று, பயிர்க் கணக்கெடுப்பில் பதியும் ஒவ்வொரு பரப்போடும் அதன் பிழை வரம்பையும் பதிந்து, அந்த வரம்புக்குள் வரும் வேறுபாட்டுக்காகக் காப்பீட்டுக் கோரிக்கையை நிராகரிக்கக் கூடாது. இரண்டு, ஒவ்வொரு ஹோப்ளியிலும் (பிர்க்கா) உள்ள விவசாயிகள் தொடர்பு மையத்தில் ரோவர் ஒன்றும் அதை இயக்கத் தெரிந்தவரும் இருந்து, பொடி முடியாத சிறு நிலங்களை முதலில் அளந்து கொடுக்க வேண்டும். இன்று வசதி உள்ளவர் பணம் கட்டி அளவையாளரை அழைத்துக்கொள்கிறார். பத்துக் குண்டேக்காரர் காத்திருக்கிறார். மூன்று, சாகுபடி செய்பவர் யாராக இருந்தாலும் விதைத்த பரப்பைத் தம் பெயரில் பதிய வழி வேண்டும். அது உரிமைப் பத்திரம் அல்ல, உழைப்பின் பதிவு மட்டுமே என்று சட்டத்தில் தெளிவாக எழுதிவிட்டால் நில உடைமையாளர் அஞ்சத் தேவையில்லை.

கைபேசி அளவை ஒதுக்கத் தேவையில்லை, வேதவாக்காக்கவும் தேவையில்லை. விதைத்த பரப்புக்குக் கைபேசியும் நாடாவும், எல்லைக்கு ரோவரும் அண்டை நிலத்தாரின் சாட்சியமும், உரிமைக்குப் பஹணி: இந்த மூன்றையும் பிரித்து வைக்கும் ஒழுங்கு ஏற்பட்டால், பேத்தமங்களாவின் பத்துக் குண்டே நிலமும் பத்து ஏக்கர் நிலத்துக்குக் கிடைக்கும் அதே நியாயத்தோடு அளக்கப்படும். அந்த நியாயத்தைக் கேட்பது சிறுவிவசாயியின் உரிமை. கொடுப்பது அரசின் கடமை.